இரண்டு பட்டை ஏற்றினால் தீர்ந்ததா?

சென்ற ஆண்டு ஆடி மாதம் ராஜபாளையத்தில் நடந்த ஓர் இலக்கியக் கூடுகையில் கவிஞர் ஒருவர் ‘மக்கள் அறிவியல்’ பற்றிப் பேசினார். பேச்சின் உச்சத்தில் அவர் எடுத்துக்காட்டியது ஒரு பிக்கப் வண்டியை. “பின்பக்கம் படுத்துவிட்ட பழைய வண்டி அது. நம் ஊர்ப் பட்டறைக்காரர் பக்கத்துக்கு இரண்டு பட்டையைக் கூட்டி வைக்கிறார். ஒன்றரை டன் சுமக்க வேண்டிய வண்டி மறுநாள் மூன்று டன் சுமக்கிறது. எந்தக் கல்லூரியும் கற்றுத்தராத பொறியியல் இது” என்றார். அரங்கு கைதட்டியது. நாமும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இலக்கியம் படிக்க வந்த இடத்தில் வண்டிப் பட்டையைப் பற்றிப் பேசுவதா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். பட்டையை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் இலக்கியவாதிகளே. தொழிலாளியின் கைவேலையைப் புகழ்ந்து கைதட்டல் வாங்கும் உரிமை நமக்கு உண்டென்றால், அந்தக் கைவேலை சாலையில் என்ன செய்கிறது என்று அறிந்துகொள்ளும் கடமையும் உண்டு. தமிழ் படித்தவர்களுக்கு இயந்திரம் தெரியாது என்பது சமாதானம் ஆகாது. தெரியாததைத்தானே அன்று புகழ்ந்தோம்?

கவிஞர் சொன்னதையொத்த வண்டி அப்போது நம் குடும்பத்திலேயே இருந்தது. நம் மைத்துனருக்கு ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் சிறிய தென்னந்தோப்பு. காய்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோக வாடகை வண்டி கட்டுபடியாகவில்லை என்று, எட்டு ஆண்டு ஓடிய பிக்கப் ஒன்றை வாங்கினார். இயந்திரம் நன்றாக இருந்தது. பின்பக்கம்தான் படுத்திருந்தது. சுமையே இல்லாதபோதும் பின்புறம் தாழ்ந்து, இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. இரவில் முகப்பு விளக்கு சாலையை விட்டுவிட்டு எதிரே வருபவர் கண்ணில் அடித்தது. பட்டறைக்காரர் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். “ரெண்டு பட்டை ஏத்திட்டாப் போதும் அண்ணாச்சி. கல்லு மாதிரி நிக்கும். அப்புறம் எவ்வளவு வேணாலும் ஏத்துங்க” என்றார். மாலைக்குள் வேலை முடிந்தது. செலவு 4,000 ரூபாய். “பாத்தீங்களா அத்தான், வண்டி நிமிந்துட்டு” என்று மைத்துனர் காட்டியபோது நமக்கும் மகிழ்ச்சியே.

பட்டை என்பது என்ன? பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக, வில்போல் வளைந்த எஃகுத் தகடுகளின் அடுக்கு இருக்கிறது. நீளமான தகடு மெயின் பட்டை. அதன் இரு முனைகளும் கண்ணாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு கண் சட்டத்தோடு புஷ் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும்; மற்றது ஷாக்கிள் என்னும் ஊசலில் தொங்கும். சுமை ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடுமல்லவா, அதற்கு இடம்கொடுப்பது இந்த ஊசல். மெயின் பட்டைக்குக் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையான தகடுகள். நடுவில் துளையிட்டு ஒரு சென்டர் போல்ட் எல்லாவற்றையும் கோத்திருக்கும். இரண்டு யூ போல்ட்டுகள் அடுக்கை அச்சோடு இறுக்கிப் பிடித்திருக்கும்.

சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த எஃகு, இவ்வகைப் பட்டைகளுக்குப் பெரிதும் பயன்படுவது. அதை 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி 400 – 500 டிகிரி அளவில் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். அழுத்தினால் வளைந்து, விட்டால் பழைய வளைவுக்கே மீளும் குணம் அந்தப் பதத்தால் வருவது. அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டிச் சுமையேற்றினால் வில் முழுதாக மீளாது. ஆண்டுக்கணக்கில் இப்படி ஏற்றிக்கொண்டே போனால் வளைவு போய்த் தட்டையாகும். அல்லது உள்ளே எங்கேனும் விரிசல் விடும். வண்டியின் பின்பக்கம் படுத்திருப்பது இதற்கு முன் அதன்மேல் என்னென்ன ஏற்றினார்கள் என்பதன் பதிவு. ஓர் ஆசிரியருக்குப் புரியும்படி சொன்னால், அது மாணவனின் முந்தைய மதிப்பெண் சான்றிதழ். நாங்கள் செய்தது சான்றிதழின்மேல் புதிய தாளை ஒட்டியது.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை. மைத்துனர் தேங்காய் மூட்டைகளோடு மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்துத் தோப்பில் வேலை முடித்து ஊர் திரும்பிய இரண்டு பெண்கள் வழக்கம்போல் கைகாட்டி நிறுத்தி, பின்னால் மூட்டைகளின்மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான் தொலைவு. பாதி வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, பின்பக்கம் பிடிக்கவே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல், ஈரச் சாலையில் நேராகவே வழுக்கிக்கொண்டு போய்ச் சாலையோரக் கரையில் மோதி நின்றது. மாடு தப்பியது. ஒரு பெண் மூட்டைகளோடு சரிந்து கீழே விழுந்தார். வலது முன்கையில் இரண்டு இடங்களில் எலும்பு முறிவு. அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

பிரேக்கில் கோளாறு என்றே எல்லாரும் நினைத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வயது முதிர்ந்த பட்டை ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “பிரேக்கு சரியாத்தான் இருக்கு சார். அதுக்கு யாரோ பொய் சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றார்.

அவர் விளக்கியது இது. பல சரக்கு வண்டிகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிறிய கம்பி ஒன்று ஒரு வால்வோடு இணைந்திருக்கும். சட்டம் அச்சை நோக்கி இறங்கினால் பளு ஏறியிருக்கிறது என்று கொண்டு, வால்வு பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். சட்டம் உயர்ந்திருந்தால் வண்டி காலி என்று கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும். இல்லையேல் காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். எங்கள் வண்டியில் பட்டை கூட்டியதும் சட்டம் உயர்ந்தது. மூட்டை மூட்டையாய் ஏற்றியபின்னும் அது போதிய அளவு இறங்கவில்லை. வால்வு, வண்டி காலியாக இருக்கிறது என்றே நம்பியது. பளு முழுதும் பின்னால். பிரேக் முழுதும் முன்னால். மாடு குறுக்கே வராத நாளெல்லாம் இது எவர்க்கும் தெரியாது.

தீங்கு இந்த ஒன்றோடு முடியவில்லை. கூட்டிய பட்டை வில்லை விறைப்பாக்கும். காலியாகப் போகும்போது வண்டி குதிக்கும். குதிக்கும் சக்கரத்துக்குச் சாலையில் பிடிப்பில்லை. பட்டை தாங்குகிறதே என்று ஏற்றும் கூடுதல் பளுவை அச்சுக்கூடும், பேரிங்கும், டயரும், சட்டமும் தாங்கியாக வேண்டும். அவற்றுக்கு எவரும் ‘இரண்டு பட்டை’ கூட்டவில்லை. வண்டியும் சரக்கும் சேர்ந்து 3 டன் என்று கணக்கிட்டுச் செய்த பிரேக், அதே வேகத்தில் 5 டன்னை நிறுத்த வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலான ஆற்றலை உறிஞ்ச வேண்டும். இது பள்ளிக்கூடக் கணக்கு. தயாரிப்பாளரே உரிய கணக்கோடு வைத்துத் தரும் உதவிப் பட்டை வேறு; தெருவில் கூட்டி வைக்கும் பட்டை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆசாரி இரண்டு பக்க அடுக்குகளையும் கழற்றித் தரையில் பரப்பினார். சாக்கட்டியால் ஒவ்வொரு பட்டையின் வளைவையும் தரையில் வரைந்து, இடமும் வலமும் ஒப்பிட்டார். இடப்பக்கத்து இரண்டாம் பட்டை, சென்டர் போல்ட் துளையருகே விரிசல் விட்டிருந்தது. அதை மறைத்துக்கொண்டுதான் புதிய பட்டைகள் உட்கார்ந்திருந்தன. புஷ்கள் தேய்ந்து ஷாக்கிள் ஆடிக்கொண்டிருந்தது. “பழைய பட்டையையே உலையில் போட்டு வளைத்துத் தர முடியாதா?” என்று கேட்டோம். “வளைவு வரும் சார். பதம் போயிரும். ஆறு மாசத்துல திரும்பப் படுத்துரும்” என்றார். பச்சையாக அடித்து வளைத்தாலும் நெடுநாள் நிற்காதாம். இரு பக்கமும் சேர்த்தே, தயாரிப்பாளர் குறித்த அளவில் புதிய அடுக்குகள். புதிய புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட். ஒருமுறை இழுத்து இறுக்கிய யூ போல்ட்டை மீண்டும் பூட்டக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். வால்வின் கம்பியை உரிய அளவுக்குத் திருப்பி வைத்தார். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வந்து யூ போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொள்ளச் சொன்னார். கூட்டியிருந்த நான்கு பட்டைகளையும் கையில் கொடுத்து, “அருவா அடிக்கிறவங்ககிட்டக் குடுங்க” என்றார். மொத்தச் செலவு 21,000 ரூபாய்.

இனி வாதத்துக்கு வருவோம். கூடுகை நண்பர்களிடம் இதைச் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன.

முதல் மறுப்பு: “மாதத் தவணை கட்ட வேண்டிய சிறு வண்டிக்காரன் ஒன்றரை டன் மட்டும் ஏற்றினால் பிழைக்க முடியுமா? சம்பளம் வாங்கும் ஆசிரியர் பேசுகிற பேச்சு இது.” சம்பளம் வாங்குகிறோம் என்பது உண்மை. ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். ஒன்றரை டன்னுக்கு ஒரு நடை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பட்டையைக் கூட்டி, 3 டன்னை 2,000 ரூபாய்க்கு ஏற்றிப் போகிறார். அவருக்கு 500 ரூபாய் கூடுதல். இரண்டு நடைக்கு 3,000 கொடுக்க வேண்டிய வியாபாரிக்கோ 1,000 ரூபாய் மிச்சம். அடுத்த வாரம் பக்கத்து வண்டிக்காரருக்குச் சரக்கு கிடைக்காது. அவரும் பட்டை கூட்டுவார். தெருவிலுள்ள எல்லா வண்டியும் நிமிர்ந்து நின்றபின், 3 டன்னுக்கு 2,000 என்பதே ஊர்வாடகை ஆகிவிடும். அதன்பின் ஒன்றரை டன்னுக்கு எவரும் 1,500 கொடுக்கப் போவதில்லை. டயரும் பேரிங்கும் டீசலும் வண்டிக்காரர் தலையில். மிச்சம் நிலையாக வியாபாரி கையில். சிறு வண்டிக்காரனுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்மையில் யாருக்குப் பரிகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை வலியுறுத்தியது. பட்டையைக் கூட்டுவதால் சான்றில் எழுதிய எடை கூடிவிடுவதில்லை. 2019 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அளவுக்கு மீறிய பளுவுக்குத் தண்டம் 20,000 ரூபாய். மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. வண்டியை ஒழுங்காகச் செப்பனிட ஆன செலவும் ஏறத்தாழ அதுவே.

கொடியது வேறொன்று. சரக்கு வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்லப்படும் பயணிக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் பல்ஜித் கவுர் வழக்கில் கூறியது. அந்த வழக்கில் மட்டும், முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு பணித்தது. மூட்டையின்மேல் உட்கார்ந்து வருபவருக்கு வண்டியில் இடமில்லை, காப்பீட்டிலும் இடமில்லை. பட்டை கூட்டுவதா வேண்டாமா என்று பேரம் நடந்தபோது அவரை எவரும் கேட்கவுமில்லை. மைத்துனர் மருத்துவச் செலவைத் தம் கையிலிருந்து கொடுத்தார். கொடுக்காமல் போயிருந்தால் அந்த அம்மாள் நீதிமன்றப் படியேறியிருக்க வேண்டும்.

இரண்டாம் மறுப்பே நமக்கு முக்கியமானது. “நீங்கள் மக்களின் அனுபவ அறிவை இழிவுபடுத்துகிறீர்கள், பொறியாளரின் அட்டவணைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்” என்றார் கவிஞர். அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரி யார்? அவரும் கல்லூரிக்குப் போனவரல்லர். சாக்கட்டியால் வளைவை வரைந்து விரிசலைக் கண்டவர் அவர். பதத்தின் கணக்கைக் கைக்குள் வைத்திருப்பவர் அவர். எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றவரின் கெட்டிக்காரத்தனத்தையும், ஏற்ற மாட்டேன் என்று வேலையை மறுத்தவரின் அறிவையும் ‘மக்கள் அறிவியல்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதுதான் அந்த மக்களுக்கு நாம் செய்யும் அவமதிப்பு. ஒரு கவிதையில் தளை தட்டினால் நாம் விடுவதில்லை. நல்ல கவிதை, போலிக் கவிதை என்று தரம் பிரிக்கிறோம். பட்டறை வேலைக்கு மட்டும் தரம் கிடையாதா? உழைப்பவன் கை பட்டதெல்லாம் அழகு என்பது, உழைப்பை உற்றுப் பார்க்காதவர்களுக்கு வசதியான கொள்கை.

நம் மொழிக்கு இந்தப் பட்டை அயலானதன்று. வில் வண்டி என்று நம் தாத்தாக்கள் சொன்னது, அடியில் இதே விற்பட்டை வைத்த மாட்டு வண்டியைத்தான். பட்டறைகளில் இன்றும் வழங்கும் ‘கமான்’ பாரசீகச் சொல். அதற்கும் பொருள் வில்லே. வில்லி என்ற வேட்டுவத் தலைவன் பெயரால் அமைந்ததாகத் தலபுராணம் சொல்லும் ஊரில், வில்லைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்த வில் வண்டிக்கு ஒரு வரலாறும் உண்டு. இதே நெடுஞ்சாலை மலையைக் கடந்து இறங்கும் பழைய திருவிதாங்கூர் நாட்டில், 1893இல் அய்யன்காளி வில் வண்டி ஒன்றில் ஏறி வெங்ஙானூர்ப் பக்கத்துப் பொதுச்சாலைகளில் பயணம் செய்தார். புலையர் பொதுச்சாலையில் நடக்கவே கூடாது என்றிருந்த காலம். வில் வண்டியோ மேல்சாதியாரின் வாகனம். அவர் ஏறியது வெறும் வண்டியில் அன்று. யார் உடல் குலுங்கலாம், யார் உடல் குலுங்கக் கூடாது என்ற ஏற்பாட்டின்மேல் ஏறினார். நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மலைக்கு இப்பால் நாம் காண்பது என்ன? இருக்கையில் உட்கார்ந்து வருபவர் உரிமையாளர். மூட்டைகளின்மேல், பிடிக்க ஒரு கம்பியும் இல்லாமல் குலுங்கிக்கொண்டு வருபவர் தோப்பில் காய் பொறுக்கும் பெண். அந்த வண்டியில் இரண்டு பட்டை கூட்டியதைப் பார்த்து நாம் கவிதை சொல்கிறோம்.

நம் கோரிக்கைகள் எளியவை. பழைய பிக்கப் வாங்குபவர்கள் சமதரையில், காற்று சரியாக அடித்து, காலி வண்டியை நிறுத்திப் பார்க்கட்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளக்கட்டும். பட்டைகளை எண்ணட்டும், தயாரிப்பாளர் கணக்குக்கு மேல் இருந்தால் ஏன் என்று கேட்கட்டும். படுத்திருந்தால் கழற்றிப் பார்க்காமல் கூட்டச் சொல்லாதிருக்கட்டும். சரக்கு அனுப்பும் வியாபாரிகள் சான்றிலுள்ள எடைக்கு வாடகை பேசட்டும். எழுதுபவர்கள், புகழுமுன் ஒருமுறை வண்டியின் அடியில் குனிந்து பார்க்கட்டும்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். முட்டுக்கட்டையோடு சக்கரத்தருகே ஓடுபவர்கள் சிலரே. இழுப்பவர்களைப் பாடுகிறோம். தேர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது அந்தச் சிலரால்.

மைத்துனர் இப்போது ஒரு நடையை இரண்டு நடையாக்கிவிட்டார். வருமானம் குறைந்திருக்கிறது, மறைக்கவில்லை. பின்னால் எவரையும் ஏற்றுவதில்லை. முன் இருக்கையில் இடமிருந்தால் ஒருவரை உட்காரவைத்துக்கொள்கிறார். கை முறிந்த அந்த அம்மாளைச் சென்ற வாரம் பார்த்தோம். எலும்பு கூடிவிட்டது. ஆனால் காய் நிறைந்த கூடையை இன்னும் அவரால் தலைக்குத் தூக்க முடியவில்லை; தூக்கிவிட ஆள் வேண்டியிருக்கிறது. தூக்கிவிட ஆள் தேவைப்படுபவருக்குக் கூலி பாதி என்கிறார்களாம்.